ஹார்டியின் கடிதமும் ஒரு மாணவியின் கேள்வியும்

கோடை விடுமுறையில் சொந்த ஊரான பேரையூருக்குச் செல்லும்போதெல்லாம், அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் இயற்பியல் ஐயங்களோடு என்னிடம் வருவது வழக்கம். ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மரபியல் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், பட்டாணிச் செடியிலே நெட்டை ஓங்கு பண்பு, குட்டை ஒடுங்கு பண்புன்னு போட்டிருக்கு. ஓங்குறதுதானே ஜெயிக்கணும்? இத்தனை வருஷத்திலே குட்டைச் செடியே இல்லாமப் போயிருக்க வேண்டாமா?"

நான் இயற்பியல் ஆசிரியன். அன்று சரியான விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. பேரையூர் மாணவி கேட்ட கேள்வியின் சாயலிலேயே, 1908ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர்களின் கூட்டத்திலும் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது!

கணித மேதையின் சிறு கடிதம்

மெண்டலின் விதிகள் 1900ஆம் ஆண்டில் மீண்டும் கண்டறியப்பட்டு, அறிவியல் உலகில் பரபரப்பாகப் பேசப்பட்ட காலம் அது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த புன்னெட் என்னும் மரபியல் அறிஞர் 1908இல் இலண்டனில் சொற்பொழிவாற்றினார். மனிதரில் விரல்கள் குட்டையாக அமையும் குறை ஓர் ஓங்கு பண்பு என்பது அப்போது தெரிந்திருந்தது. அப்படியானால் நாளடைவில் நால்வரில் மூவருக்குக் குட்டை விரல்கள் அமைந்துவிட வேண்டுமே என்ற பொருளில் யூல் என்ற புள்ளியியலாளர் ஐயம் எழுப்பினார்.

புன்னெட்டுக்குத் தக்க விடை தெரியவில்லை. தம்முடன் கிரிக்கெட் ஆடும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னார். அந்த நண்பரே ஹார்டி. ஆம், 1913இல் சென்னையிலிருந்து நம் இராமானுஜன் எழுதிய கடிதத்தைப் படித்து, அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்த அதே ஹார்டிதான்! அப்போது அவருக்கு வயது 31. 'சயன்ஸ்' என்ற அமெரிக்க இதழுக்கு அவர் ஒரு சிறு கடிதம் எழுதினார். அதற்குத் தேவைப்பட்டது பெருக்கல் வாய்பாட்டு அளவுக் கணிதமே என்று அவரே குறிப்பிட்டார்.

அதே 1908இல், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வைன்பெர்க் என்னும் மருத்துவரும் இதே முடிவைக் கண்டு சொல்லியிருந்தார். ஆங்கிலம் பேசும் உலகம் அதனை 1943இல்தான் கவனித்தது. இன்று இது ஹார்டி-வைன்பெர்க் விதி என இருவர் பெயராலும் வழங்குகிறது.

தட்டைப்பயறுச் சோதனை

அவ்விதியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பையில் சிவப்புத் தட்டைப்பயறு 20, வெள்ளைத் தட்டைப்பயறு 180 போட்டுக் குலுக்குங்கள். பயறுகள் ஒரே அளவில் இருக்கவேண்டும். கை வேறுபாட்டை உணர்ந்துவிட்டால் சோதனை பழுதாகும். ஒவ்வொரு பயறும் ஒரு ஜீன். சிவப்பு ஓங்கு ஜீன், வெள்ளை ஒடுங்கு ஜீன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சோடியும் ஒரு மனிதர்.

பலமுறை செய்து சராசரி எடுத்தால், 100 சோடிகளில் இரண்டும் சிவப்பாக 1, கலப்பாக 18, இரண்டும் வெள்ளையாக 81 என்ற அளவில் கிடைக்கும். ஓங்கு பண்பு வெளிப்படுவோர் 19 பேர். இவர்கள் தம் பயறுகளைத் திரும்பப் பையில் போட்டு அடுத்த தலைமுறையை உண்டாக்கட்டும். சிவப்புப் பயறு எத்தனை? ஒரு சோடியிலிருந்து 2, கலப்புச் சோடிகளிலிருந்து 18. ஆக அதே 20! அடுத்த தலைமுறையிலும் சராசரியாக 19 பேரே. 'ஓங்கு' என்பது ஒரு சோடிக்குள் எது வெளியே தெரியும் என்பதைக் குறிக்கும் சொல். கூட்டத்தில் எது பெருகும் என்பதைக் குறிப்பதன்று. மாணவியின் ஐயம் தீர்ந்தது.

இயற்பியல் படித்தவனுக்கு இவ்விதி நியூட்டனின் முதல் விதியை நினைவூட்டுகிறது. புற விசை இல்லாவிடில் பொருளின் இயக்கநிலை மாறாது. அதுபோல, கூட்டம் பெரிதாக இருந்து, இணைசேர்தல் தற்செயலாக நிகழ்ந்து, இயற்கைத் தேர்வு, திடீர் மாற்றம், குடிபெயர்ச்சி ஆகியவை இல்லாதிருந்தால் ஜீன்களின் விகிதம் மாறாது. விகிதம் மாறினால் ஏதோ ஒரு காரணம் செயல்படுகிறது என்று பொருள். அந்த மாற்றமே பரிணாமம்.

நீலகிரி காட்டிய சான்று

அத்தகைய காரணம் ஒன்றை நம் மாநிலத்திலேயே காணலாம். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியைச் சோதித்து, கதிர் அரிவாள் சோகைக்குரிய ஜீன் அவர்களிடம் இருப்பதை வெளியிட்டனர். இந்த ஜீன் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து கொடிய நோய் உண்டாகும். அத்தகைய ஜீன் மறையாமல் நிலைத்திருப்பது ஏன்?

விடையை 1954இல் ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டார். இந்த ஜீனை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது. சோகை ஒரு கையால் அழிப்பதை மலேரியா மறு கையால் காத்து வருகிறது. இதையொத்த கருத்தை, தலசீமியா என்ற வேறொரு குருதி நோயைப் பற்றி 1949லேயே கூறியவர் ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1961இல் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே பேரறிஞர்தான்.

நம் வீட்டுத் திருமணம்

10,000 பேரில் ஒருவரைத் தாக்கும் ஒடுங்கு நோய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி 100 ஜீன்களில் ஒன்று நோய் ஜீன். அதை மறைவாகச் சுமப்போரோ 198 பேர்! நோயாளி ஒருவருக்குப் பின்னால் நலமாக நடமாடும் ஏறத்தாழ 200 பேர் இருக்கின்றனர். நோயுற்றோர் பிள்ளை பெறுவதைத் தடுத்து இனத்தைத் 'தூய்மை' செய்யலாம் என்று சென்ற நூற்றாண்டில் சில நாடுகள் இயற்றிய சட்டங்கள் கொடியவை, கணக்கிலும் தவறானவை.

உறவுக்குள் மணந்தால் என்ன ஆகும்? ஒரே மூதாதையின் ஜீன் இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகள் உறவில் இந்நோயின் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு. தாய்மாமன், அக்காள் மகள் உறவில் ஏறத்தாழ 13 மடங்கு. ஆயினும் 10,000 குழந்தைகளில் அது 13 குழந்தைகளே. அச்சுறுத்துவது நம் நோக்கமன்று.

இக்கணக்கைப் போட்டு முடித்தபோது அம்மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மா அவங்க தாய்மாமனைத்தான் கட்டியிருக்காங்க, சார். இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லலையே?" என்றாள். அவள் நலமாயிருப்பது வியப்பன்று. பெரும்பான்மையோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆனால் தன் திருமணத்தைப் பற்றி முடிவு செய்யுமுன் இக்கணக்கை அறிவது அவள் உரிமையன்றோ?

மதுரையில் ஒரு தடம்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்சும், மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய வழியைத் தேடினர். எம்130 என்ற மரபுக்குறி மதுரை வட்டாரத்து ஜோதிமாணிக்கம் சிற்றூர்வாசி ஒருவரிடம் காணப்பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அக்குறி உண்டு. 2002இல் வெளியான வெல்சின் நூல் இத்தேடலை உலகறியச் செய்தது.

செய்தித்தாள்கள் அவரை 'முதல் இந்தியர்' என்று எழுதின. இது பிழை. இக்குறி தந்தை வழியில் மட்டும் வருவது. பத்துத் தலைமுறை பின்னோக்கினால் நமக்கு மூதாதையர் இடங்கள் 1,024. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே இக்குறி பேசுகிறது. அதைக்கொண்டு எந்தச் சாதியும் பெருமை கொள்ளவோ, பிறரைத் தாழ்த்தவோ இடமில்லை.

பாடநூலில் எந்த வகுப்பு?

மத்திய கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது 2023இல் பெரும் செய்தியாயிற்று. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்திட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறதே என்று சமாதானம் கூறப்பட்டது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமம் தனிப்பாடமாக இடம்பெற்றது. ஹார்டியின் விதியோ இங்கும் மேல்நிலை விலங்கியலில்தான் வந்தது.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவோரும், வணிகவியலுக்குப் போவோரும் இக்கணக்கை எங்கே கற்பர்? அவர்களும் திருமணம் செய்துகொள்வர், பிள்ளை பெறுவர், செய்தித்தாள் படிப்பர். தேவைப்படுவதோ வாய்பாட்டுக் கணிதமும் இரு நிறப் பயறும்தான். தம் கணிதம் எதற்கும் பயன்படாது என்று ஹார்டி முதுமையில் எழுதினார். பேரையூர்த் திண்ணையில் அன்று பயறு எண்ணிய பிள்ளைகளைக் கண்டிருந்தால், அக்கூற்றை அவர் மறுபரிசீலனை செய்திருப்பார்.