டைமிங் பெல்ட் மாற்றுதல்

டைமிங் பெல்ட் என்பது தானுந்துப் பொறியின் கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைக்கும் பற்களுடைய ரப்பர் பட்டை ஆகும். கிராங்க் தண்டு இரு முறை சுற்றக் கேம் தண்டு ஒரு முறை சுற்றும். தமிழ்நாட்டின் இருங்காட்டுக்கோட்டையில் தயாரிக்கப்பட்டு 1998இல் அறிமுகமான ஹூண்டாய் சான்ட்ரோவின் பொறியில் இப்பட்டை உண்டு.

பட்டை அறுந்தால், பல பொறிகளில் பிஸ்டன்கள் மோதி வால்வுகள் வளைந்துவிடும். ரப்பர் ஓட்டத்தால் மட்டுமன்றி வயதாலும் கெடும். எனவே பழைய தானுந்தை வாங்குவோர், மாற்றியதற்குச் சான்று இல்லையெனில் ஓடிய தொலைவை நம்பாது மாற்றிவிடுவதே நன்று.

வீட்டில் மாற்றும்போது பேட்டரி இணைப்பு முதலில் நீக்கப்படும். இரு பற்சக்கரங்களின் குறிகளும் பொறியிலுள்ள குறிகளோடு நேராக நின்ற பின்னரே பழைய பட்டை கழற்றப்படும். புதியதை மாட்டி, டென்ஷனரை இறுக்கியபின், கிராங்க் தண்டை ஸ்பேனரால் மெதுவாக இரு முழுச் சுற்றுகள் சுற்றிக் குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். இடையில் தட்டினால் வலிந்து சுற்றலாகாது. பட்டை ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம்.