இருபத்தொன்று என்னும் சீட்டாட்டம்

பகடைக்கு நினைவில்லை. முதல் உருட்டலில் ஆறு விழுந்ததென்பதற்காக அடுத்த உருட்டலில் ஆறு விழுவது அரிதாவதுமில்லை, எளிதாவதுமில்லை. சீட்டுக்கட்டின் இயல்போ வேறு. நான்கு ஆசும் வெளிவந்துவிட்டால், கட்டை மீண்டும் கலைக்கும்வரை ஐந்தாவது ஆசு வரப்போவதில்லை. அமெரிக்கர் 'பிளாக்ஜாக்' என வழங்கும் இருபத்தொன்று ஆட்டத்தின் அண்மைக்கால வரலாறு முழுவதும் இச் சிறு வேற்றுமையிலிருந்து விளைந்ததே.

ஆட்டம் பழையது. 1613இல் வெளிவந்த செர்வாந்தேசின் கதையொன்றிலே வரும் போக்கிரிச் சிறுவர் இதிற் கைதேர்ந்தவர்கள். நெவாடா மாநிலம் 1931இற் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபின், அங்குள்ள விடுதிகளில் இது வேரூன்றியது.

விதிகள் எளியவை. ஆசு ஒன்றாகவோ பதினொன்றாகவோ கொள்ளப்படும். ராசா, ராணி, ஜாக்கி ஆகியவை பத்து. இருபத்தொன்றை மிஞ்சாமல் அதனை நெருங்குபவர் வெல்வார். விடுதியின் சார்பிற் சீட்டுப் பகிர்பவருக்குச் சுயவிருப்பம் இல்லை; பதினாறுவரை எடுத்தே தீரவேண்டும், பதினேழில் நிற்கவேண்டும். விடுதியின் ஆதாயம் எங்கேயிருக்கிறது? ஆடுபவர் முதலில் எடுக்கவேண்டும் என்பதிலே. அவர் இருபத்தொன்றை மிஞ்சினால் பணம் அப்பொழுதே போய்விடும். பின்னர்ப் பகிர்பவரும் மிஞ்சினாலும் அது திரும்புவதில்லை.

இவ்வாதாயம் எவ்வளவு என்பதைக் கணக்கிட முனைந்தவர்கள் மேரிலாந்து மாநிலத்து அபடீன் படைத்தளத்திற் பணியாற்றிய போல்ட்வின், கான்டி, மைசெல், மக்டெர்மட் என்னும் நால்வர். மேசைக் கணக்குப்பொறிகளைக் கொண்டே உழைத்து, 1956இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கத்தின் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். பகிர்பவரிடம் நான்கு, ஐந்து, ஆறு தெரிந்தாற் பன்னிரண்டிலேயே நிற்கவேண்டும். ஏழு தெரிந்தாற் பதினாறிலும் எடுக்கவேண்டும். எட்டுகளைப் பிரிக்கவேண்டும், பத்துகளைப் பிரிக்கலாகாது. இங்ஙனம் ஆடுபவர் 100 டாலர் பந்தயத்துக்கு 62 சதமே இழப்பார் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

எட்வர்ட் தோர்ப் என்னும் கணித அறிஞர் மற்றொரு வினாவை எழுப்பினார். வெளிவந்த சீட்டுகளை நினைவில் வைத்திருந்தால் என்னவாகும்? மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஐ.பி.எம். 704 கணிப்பொறி விடை கூறிற்று. கட்டிற் பத்துகளும் ஆசுகளும் மிகுந்திருக்கையில் ஆதாயம் ஆடுபவர் பக்கம் சாய்கின்றது. முதலிரு சீட்டிலேயே இருபத்தொன்று பெறுபவருக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். பகிர்பவருக்கு அவ்வுரிமை இல்லை. அன்றியும், கட்டாயமாக எடுக்கவேண்டிய பகிர்பவர் அவ்வேளையில் அடிக்கடி மிஞ்சிப்போவார். அந்நேரத்திற் பெரும்பந்தயமும், பிறநேரத்திற் சிறுபந்தயமும் கட்டினாற் போதும். இம்முறையை விளக்கிய தோர்ப்பின் நூல் 1962இல் வெளிவந்தது.

விடுதிகள் கலங்கின. 1964 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் விடுதியாளர் விதிகளை இறுக்கினர்: பந்தயத்தை இரட்டிப்பது பதினொன்றில் மாத்திரம், ஆசுகளைப் பிரித்தல் கூடாது. எண்ணத் தெரிந்தோரை விரட்டக் கருதிய இவ்வேற்பாடு எண்ணத் தெரியாதோரையே விரட்டியது. மேசைகள் வெறிச்சோடின, சில வாரங்களிற் பழைய விதிகள் திரும்பின. தோர்ப்பின் நூலை வாங்கியோரிற் பெரும்பாலோர் அதனைப் பொறுமையுடன் பயிலவில்லை என்பதும், வெல்லலாம் என்னும் நம்பிக்கையோடு தோற்க வந்த அவர்களே விடுதிகளுக்கு நல்ல வாடிக்கையாளரானார்கள் என்பதும் வேடிக்கை.

பின்னர் விடுதிகள் வேறு வழிகளை நாடின. ஒரு கட்டுக்குப் பதிலாக நான்கு, ஆறு, எட்டுக் கட்டுகளை ஒன்றாகக் கலந்தன. கட்டு தீருமுன்னரே கலைத்தன. எண்ணுவோரை வாயிலிலே தடுத்தலும் நடந்தது. அட்லாண்டிக் நகர விடுதியொன்று கென் உஸ்டன் என்பவரைத் தடுத்தபொழுது, விடுதி தானாக அவ்வாறு தடுக்க அதிகாரமில்லை என நியூ ஜெர்சி உயர்நீதிமன்றம் 1982இல் தீர்த்தது. நெவாடாவில் அத்தகைய பாதுகாப்பு ஏற்படவில்லை.

ஊருக்கு ஊர் விதி மாறுகையில் உபாயமும் மாறும். ஐரோப்பிய முறையில், ஆடுவோர் முடிக்கும்வரை பகிர்பவர் இரண்டாஞ் சீட்டை எடுப்பதில்லை. ஆகவே இரட்டித்த பணமும் இறுதியில் அவருடைய இருபத்தொன்றுக்குப் பலியாகலாம். அமெரிக்காவிற் பதினொன்றை வைத்துப் பகிர்பவரின் பத்துக்கு எதிராக இரட்டிப்பவர் இங்கே அடங்கியிருத்தல் வேண்டும். 'ஸ்பானிய இருபத்தொன்று' என்பதிலோ பத்து எண் சீட்டுகள் நான்கும் கட்டினின்று நீக்கப்பட்டு 48 சீட்டுகளே எஞ்சும். ஈடாக, ஆடுபவர் இருபத்தொன்றை அடைந்தால் எப்பொழுதும் வெற்றி அவருக்கே.

2000ஆம் ஆண்டுக்குப்பின் லாஸ் வேகாஸில் ஒற்றைக்கட்டு மேசைகள் பல மீண்டும் தோன்றின. பழைய நாள் திரும்பியதென மகிழ்ந்தவர்கள் மேசைத் துணியில் அச்சிட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. முதலிரு சீட்டில் வரும் இருபத்தொன்றுக்கு 100 டாலருக்கு 150 கொடுத்த இடத்தில் 120 என ஆகியிருந்தது. அவ்வொரு மாற்றமே விடுதியின் ஆதாயத்தை ஏறக்குறைய 1.4 வீதம் உயர்த்தியது. 1964இற் போல எவரும் மேசையைவிட்டு எழவில்லை.