கச்சேரிக்குப் போவதும் அரசியலா? 1978 லண்டன் கோடை சொல்லும் பதில்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் ஒரு நாள் கேட்டார்: "தோழர், லீவு முழுக்க இண்டி பேண்ட் கச்சேரியா தேடித் தேடிப் போறேன். பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் காசு கேட்டா வீட்டுல திட்டுறாங்க. கூட்டத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டே, பாட்டுன்னா மட்டும் ஓடுறேன்னு அமைப்புல இருக்கிறவங்களும் திட்டுறாங்க. நான் செய்யுறது வெறும் பொழுதுபோக்குதானா?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பொழுதுபோக்குதான் என்றால் ஓர் உண்மையைத் தட்டிக்கழித்தவர்கள் ஆவோம். அதுவே போராட்டம் என்று தட்டிக்கொடுத்தால் இன்னோர் உண்மையை மறைத்தவர்கள் ஆவோம். இந்தக் கேள்வியை ஏற்கெனவே வாழ்ந்து பார்த்த ஒரு தலைமுறை உண்டு. 1978இல் பிரிட்டனில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன இளைஞர்கள் அவர்கள். அந்தத் தம்பிக்காகவும் உங்களுக்காகவும் அவர்களின் வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

பாட்டு வேண்டும், ஆள் வேண்டாம்

1976 ஆகஸ்ட் 5. பர்மிங்காம் ஓடியன் அரங்கு. மேடையில் எரிக் கிளாப்டன், அன்றைய ராக் உலகின் பெரிய கிட்டார் கலைஞர். குடிபோதையில் இருந்த அவர் பாட்டை நிறுத்திவிட்டு, வெளிநாட்டவர்களை நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்றும் ஈனக் பவலை ஆதரிக்க வேண்டும் என்றும் பேசினார். பவல் யார்? குடியேறிகள் வந்தால் நாடு இரத்தக்களரியாகும் என்ற பொருளில் 1968இல் அதே பர்மிங்காமில் பேசி, வெள்ளை இனவெறிக்கு நாடாளுமன்ற முகம் கொடுத்த அரசியல்வாதி.

கிளாப்டன் புகழ்பெற்றது கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை வாசித்து. அந்தப் பேச்சுக்கு இரண்டு ஆண்டு முன்புதான், ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய ஒரு பாடலைப் பாடி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தார். கறுப்பர்களின் தாளம் வேண்டும், கறுப்பர்கள் பக்கத்து வீட்டில் வேண்டாம். இது நமக்குப் புதிதில்லை. பறையின் அடிக்குக் கால் தானாக ஆடும். அடித்தவர் வீட்டில் கை நனைக்கச் சொன்னால் ஊர் ஒதுங்கும்.

புகைப்படக் கலைஞர் ரெட் சாண்டர்ஸ், அவர் நண்பர் ரோஜர் ஹடில், இன்னும் சிலர் சேர்ந்து இசை வார இதழ்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நீங்கள் வாசிப்பதே கறுப்பர்களின் இசைதானே என்று கிளாப்டனை நேரடியாகக் கேட்டார்கள். ராக் இசைக்குள் புகும் இனவெறி நஞ்சை எதிர்க்க ஓர் இயக்கம் வேண்டும், சேர விரும்புவோர் எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் சாதாரண ரசிகர்கள். 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்', அதாவது இனவெறிக்கு எதிரான ராக், இப்படித்தான் பிறந்தது. கிளாப்டன் பல ஆண்டுகள் கழித்துத் தன் பேச்சுக்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். ரசிகர்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

கடன் வாங்கிய 500 பவுண்டு

அதே காலத்தில் இசைத்துறைக்குள் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. இன்று நாம் 'இண்டி' என்று சொல்கிறோமே, பெரிய கம்பெனியின் தயவில்லாத சுயாதீன இசை, அதன் தொடக்க நாட்கள் அவை. மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற பங்க் குழு, தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கித் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே பதிவுசெய்து 1977 ஜனவரியில் வெளியிட்டது. முதலில் அடித்தது 1,000 பிரதிகள். கேட்பவர்கள் பெருகப் பெருக மீண்டும் மீண்டும் அச்சிட வேண்டியிருந்தது. லண்டனில் 1976இல் தொடங்கிய 'ரஃப் டிரேட்' கடை, இப்படிப்பட்ட தட்டுகளையும் ரசிகர்கள் கையால் தயாரித்த சிற்றிதழ்களையும் விற்றது. மூன்று கார்டு தெரிந்தால் போதும், நீயும் குழு தொடங்கலாம் என்ற நம்பிக்கை பரவியது.

வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் பங்க் இசையும், கரீபியன் குடியேறிகள் வீட்டுப் பிள்ளைகளின் ரெகேயும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. லண்டனின் ராக்ஸி கிளப்பில் தட்டுகளைச் சுழலவிட்டவர் டான் லெட்ஸ், ஜமைக்கப் பெற்றோரின் மகன். பங்க் தட்டுகள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. அதனால் பங்க் கூட்டத்துக்கு அவர் ரெகேயைப் போட்டுக் காட்டினார்.

அந்தக் காலத்தில் கறுப்பின இளைஞர்கள் தெருவில் நடந்தாலே பிடித்துப் போக 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் போலீசுக்குப் போதுமானதாக இருந்தது. 'சஸ்' என்று அதற்குப் பெயர். நம் ஊர் மொழியில் 'சந்தேகக் கேஸ்'. ரெகே பாடல்கள் அந்த வாழ்க்கையைப் பேசின. வெள்ளைப் பையன்களில் பலருக்கு அதுபற்றி முதலில் சொன்னது அந்தப் பாடல்கள்தான்.

புதிய இயக்கத்தின் கச்சேரிகள் மதுக்கடை மாடிகளிலும் கல்லூரி அரங்குகளிலும் நடந்தன. ஒரே இரவில் ஒரு பங்க் குழு, ஒரு ரெகே குழு. கடைசியில் இரண்டும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கும். ஒட்டவும் விற்கவும் 'டெம்பரரி ஹோர்டிங்' என்ற இதழும் இருந்தது. எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகாத பிள்ளைகள் இங்கே டிக்கெட் எடுத்து வந்தார்கள்.

அலுவலகத்தில் வாய்மூடி இருந்தவர்

1978 ஏப்ரல் 30, ஞாயிறு. டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவுக்கு ஊர்வலம். தேசிய முன்னணி என்ற பாசிசக் கட்சி உள்ளாட்சித் தேர்தலில் நின்ற நேரம் அது. இயக்கமும் நாஜி எதிர்ப்புக் கூட்டமைப்பும் சேர்ந்து அழைப்பு விடுத்தன. ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம்: சுமார் 80,000 பேர் என்பது பரவலான கணக்கு.

சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன் தன் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவோடு பாடினார். பர்மிங்காமின் ஸ்டீல் பல்ஸ் ரெகே குழு, அமெரிக்க நிறவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளானின் வெள்ளை முகமூடியை அணிந்து வந்து அவர்களையே கேலி செய்தது. தி க்ளாஷ் வாசித்தது. டாம் ராபின்சன் பேண்ட் கடைசியாக வந்தது.

அந்தக் கூட்டத்தில் பார்க்கிங் பகுதியைச் சேர்ந்த 20 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் பில்லி பிராக். க்ளாஷ் குழுவின் தீவிர ரசிகர். பின்னாளில் புகழ்பெற்ற அரசியல் பாடகரான அவர் அந்த நாளைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் கறுப்பர்களையும் பெண்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் இழிவாகப் பேசுவது அன்றாடம். அவருக்கு அது பிடிக்காது, ஆனாலும் வாய் திறந்ததில்லை. அந்த ஞாயிறன்று அவர் போனதும் கொள்கைக்காக அல்ல, க்ளாஷைப் பார்க்கத்தான்.

டாம் ராபின்சன் தன்பாலீர்ப்பு பற்றிய தன் பாடலைத் தொடங்கியதும், பிராக்கைச் சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் முத்தமிட்டார்கள். அப்படி ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. இது கறுப்பர்களுக்கான கூட்டமாயிற்றே, இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று முதலில் குழம்பினார். பிறகு புரிந்தது. பாசிசம் ஒரு நிறத்தோடு நிற்பதில்லை; தன்னைப்போல் இல்லாத எவரையும் அது விடாது. அலுவலகம் திரும்பியபோது, தன்னைப்போல் நினைப்பவர்கள் ஒரு பூங்கா நிறைய இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். க்ளாஷ் உலகத்தை மாற்றவில்லை, அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றதுதான் தன்னை மாற்றியது என்பதே அவர் சொல்வதன் சாரம்.

தம்பி கேட்ட கேள்விக்கு முதல் பாதிப் பதில் இது. வகுப்பில், அலுவலகத்தில், விடுதியில் ஒற்றை ஆளாக வாய்மூடி இருப்பவருக்கு, தான் ஒற்றை ஆள் இல்லை என்று உடம்பாலேயே தெரியவைக்கும் வலிமை ஒரு கச்சேரிக் கூட்டத்துக்கு உண்டு.

நான்கே நாட்களில் ஒரு கொலை

இங்கேயே முடித்தால் இது இனிப்பான கதை. வரலாறு இங்கே முடியவில்லை.

மே 4, உள்ளாட்சித் தேர்தல் நாள். விக்டோரியா பூங்காவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வைட்சாப்பல் பகுதியில், அல்தாப் அலி என்ற வங்காளதேசத்து இளைஞர் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஆடைத் தொழிலாளி. மூன்று பதின்வயதுப் பையன்கள் அவரைத் தாக்கிக் கொன்றார்கள். 80,000 பேர் பாடிக் கலைந்து நான்கே நாள் ஆகியிருந்தது.

மே 14 அன்று சுமார் 7,000 பேர், பெரும்பாலும் வங்காளிகள், அவரது சவப்பெட்டியோடு பிரதமரின் டவுனிங் தெருவரை நடந்தார்கள். அந்தக் கோடை முழுதும் பிரிக் லேன் தெருவில் வங்காள இளைஞர்கள் காவல் நின்றார்கள். ஞாயிறுதோறும் தேசிய முன்னணியினர் தங்கள் இதழை விற்கும் மூலையை முன்கூட்டியே போய்ப் பிடித்து உட்கார்ந்தார்கள். அங்கே கிட்டார் இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

கச்சேரிகளும் தொடர்ந்தன. ஜூலை 15 அன்று மான்செஸ்டரின் அலெக்சாண்ட்ரா பூங்காவில் பஸ்காக்ஸும் ஸ்டீல் பல்ஸும் வாசித்தார்கள். பல்லாயிரம் பேர் வந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்க் குழுக்கள் தாங்களே அரங்கு பிடித்து, சுவரொட்டி ஒட்டி நிகழ்ச்சி நடத்தின.

செப்டம்பர் 24 அன்று இரண்டு பாதைகளும் முட்டிக்கொண்டன. பிரிக்ஸ்டனின் பிராக்வெல் பூங்காவில் இரண்டாவது பெரிய விழா; எல்விஸ் காஸ்டெல்லோ, அஸ்வாட், ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவினர் மேடையில். சுமார் ஒரு லட்சம் பேர். அதே நாளில் கிழக்கு லண்டனில் ஊர்வலம் போவதாகத் தேசிய முன்னணி அறிவித்தது. விழாவை நிறுத்துவதா, ஆட்களைப் பிரித்து அனுப்புவதா என்று விவாதம் நடந்தது. விழா நடந்தது. பிரிக் லேனைக் காக்கப் போனவர்கள் மிகச் சிலரே. தெற்கே ஒரு லட்சம் பேர் பாசிசத்துக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தபோது, வடகிழக்கே பாசிஸ்டுகள் ஊர்வலம் போனார்கள். இயக்கத்தின் மேல் இன்றும் நிற்கும் விமர்சனம் அது. நியாயமான விமர்சனம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

சவுத்தால்

மேடையில் நின்றவர்களும் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1979 ஏப்ரல் 23 அன்று, தெற்காசிய மக்கள் நிறைந்து வாழும் சவுத்தாலில் தேசிய முன்னணி தேர்தல் கூட்டம் நடத்தியது. எதிர்த்துத் திரண்ட மக்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. நியூசிலாந்தில் பிறந்த ஆசிரியர் பிளேர் பீச் தலையில் அடிபட்டு இறந்தார். இயக்க மேடைகளில் இடைவிடாமல் வாசித்த சவுத்தால் ரெகே குழு மிஸ்டி இன் ரூட்ஸின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கர் மண்டை உடைந்து நினைவிழந்து கிடந்தார். சுமார் 700 பேர் கைதானார்கள். பிளேர் பீச்சை அடித்தது பெரும்பாலும் ஒரு போலீஸ்காரராகவே இருக்கும் என்ற காவல்துறையின் உள்விசாரணை அறிக்கை 2010இல்தான் வெளியானது. எவர்மீதும் வழக்கு இல்லை.

1979 மே பொதுத்தேர்தலில் 303 இடங்களில் நின்ற தேசிய முன்னணி படுதோல்வி அடைந்து சிதறியது. பாட்டு மட்டுமே அதைத் தோற்கடித்தது என்று சொன்னால் பொய். குடியேறிகளால் நாடு மூழ்கிவிடும் என்ற அச்சத்தை 1978 ஜனவரியிலேயே தொலைக்காட்சியில் பேசி, அந்த வாக்குகளில் ஒரு பகுதியை மார்கரெட் தாட்சர் தன் பக்கம் இழுத்திருந்தார். தெருவில் தோற்ற கருத்து கோட்டு போட்டுக்கொண்டு ஆட்சிக்குள் போனது. ஆனாலும் ஒரு தலைமுறை வெள்ளை இளைஞர்களைத் தன் பக்கம் சேர்த்துவிடலாம் என்ற பாசிஸ்டுகளின் கனவு பலிக்கவில்லை. அதில் இந்தக் கச்சேரிகளுக்குப் பங்கு உண்டு. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த தி ஸ்பெஷல்ஸ் போன்ற குழுக்கள் அடுத்து எழுந்தன. 1981 ஜூலையில் லீட்ஸ் நகரில் அவர்கள் வாசித்த விழாவோடு இயக்கம் விடைபெற்றது.

தம்பிக்கு

இனி உங்கள் கேள்விக்கு வருகிறோம், தம்பி. போங்கள். பஸ் காசு வீணில்லை. ஆனால் போகும்போது மூன்றைக் கவனியுங்கள். மேடையில் ஒலிக்கும் தாளம் யாருடையது, அவர்கள் மேடையில் இருக்கிறார்களா? உங்கள் பக்கத்தில் நிற்பவர் யார், அவர் பெயரையாவது கேட்டீர்களா? விடிந்ததும் நீங்கள் திரும்பும் வகுப்பிலோ வேலையிடத்திலோ யாராவது சாதி சொல்லி இழிவாகப் பேசினால், கூட்டத்தில் கிடைத்த அந்தத் தைரியம் வாயைத் திறக்குமா?

அமைப்புத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு வராதவர் 80,000 பேர் பாட்டுக்கு வந்தார்கள். அவர்களைத் திட்டாமல் அழைத்தவர்கள்தான் இயக்கம் கட்டினார்கள்.

அல்தாப் அலி கொல்லப்பட்ட இடத்தருகே உள்ள பூங்காவுக்கு 1998இல் அவர் பெயரே வைக்கப்பட்டது. லண்டன் போக வாய்ப்புக் கிடைக்கும் இசை ரசிகர்கள் விக்டோரியா பூங்காவைத் தேடிப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டு, இந்தச் சின்னப் பூங்காவுக்கும் நடந்து போய் வாருங்கள்.