கோடை விடுமுறையில் வரும் ஒரு நினைவு நாள்



இன்று மே 29. கார்கில் போரில் மேஜர் மாரியப்பன் சரவணன் வீரமரணம் அடைந்த நாள். கோடை விடுமுறையில் வருவதால் நம் பள்ளிகளின் காலை வழிபாட்டில் இவரைப் பற்றிச் சொல்ல வாய்ப்பே அமைவதில்லை. நானும் என் பணிக்காலத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்தக் குறை மனதில் இருக்கிறது.

1972 ஆகஸ்ட் 10-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். வளர்ந்தது நமக்குப் பக்கத்தில் உள்ள திருச்சியில். தந்தையும் ராணுவ அதிகாரி. சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, 1995-ல் பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனில் சேர்ந்தார். அவருடன் இருந்த வீரர்களில் பலர் பீகார், இன்றைய ஜார்க்கண்ட் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மொழி வேறு, சாப்பாடு வேறு. ஆனாலும் அவர்களுக்கு இவர்தான் தலைவர்.

1999-ல் கார்கில் மலை முகடுகளில் பாகிஸ்தான் படையினர் ஊடுருவி, பதுங்குகுழி அமைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கீழிருந்து ஏறும் நம் வீரர்களுக்கு மறைந்துகொள்ள ஒரு மரம்கூடக் கிடையாது. பட்டாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேல் இருந்த ஒரு நிலையைப் பிடிக்கும் பொறுப்பு சரவணனுக்கு வந்தது. நம் ஏற்காட்டைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உயரம். அங்கே மூச்சு விடுவதே பெரும்பாடு.

மே 29 அதிகாலையில் தாக்குதல் தொடங்கியது. ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்குகுழியைத் தாக்கினார். குண்டுச் சிதறல் பட்டும் பின்வாங்கவில்லை. கடைசியில் தலையில் குண்டு பாய்ந்து உயிர் பிரிந்தது. வயது 26. உடன் போரிட்ட நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் அன்றே வீரமரணம் அடைந்தார். இருவருக்கும் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

எதிரியின் துப்பாக்கிக்கு நேரே கிடந்ததால் அவர் உடலை உடனே மீட்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் பனியிலேயே இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அவரை எப்போ வீட்டுக்குக் கொண்டு வருவாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "உட்காரு, கணக்கு நோட்டை எடு" என்று சொல்லிவிட்டேன்.

ஜூலையில் அவருடைய பட்டாலியனே ஜூபர் முகட்டைப் பிடித்தது. அதன் பிறகுதான் அவர் திருச்சிக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பையன் செய்தித்தாளைக் கத்தரித்துக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

தம்பி, நீ இதைப் படித்தால், அன்று உன்னை உட்கார வைத்ததற்கு மன்னித்துக்கொள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், வழிபாட்டில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இந்த இருவரின் பெயரையும் சொல்லுங்கள். மற்றவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்டால், கேட்கவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்