4,29,49,67,297

இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் ட ஃபெர்மாவின் ஊகம் ஒன்றைப் பொய்யாக்கியதால் எண்ணியல் வரலாற்றில் இடம்பெற்றது. 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களை 2-க்கு அடுக்காக்கி ஒன்றைக் கூட்டினால் எப்போதும் பகா எண்ணே வரும் என்று ஃபெர்மா 1640-இல் நம்பினார். 3, 5, 17, 257, 65,537 என முதல் ஐந்தும் அப்படியே அமைந்தன. ஃபெர்மா எண்கள் எனப்படும் இவ்வரிசையில் ஆறாவது இந்த எண். 1729-இல் கணித அறிஞர் கோல்டுபாக் கடிதம் வழியே கேட்ட பிறகே, மற்றொரு கணித அறிஞரான ஆய்லரின் கவனம் இதன்மேல் திரும்பியது. 1732-இல் அவர் இதை 641 × 67,00,417 எனப் பிரித்துக் காட்டினார்.

ஃபெர்மாவின் பிழைக்குக் கணக்கின் பளுவைக் காரணம் சொல்வார்கள். இதன் வர்க்கமூலத்தை ஒட்டிய 65,536-க்குள் 6,542 பகா எண்கள் உண்டு. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்ப்பது எளிதல்ல என்பது உண்மைதான். ஆனால் அத்தனையும் தேவைப்படவில்லை. p என்ற பகா எண் இதை வகுக்குமானால், 2-இன் 32-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்கையில் ஒன்று குறையும். ஆகவே 64-ஆம் அடுக்கில்தான் முதன்முறையாக மீதி 1 வரும். (p−1)-ஆம் அடுக்கிலும் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவே அதே 1640-இல் அறிவித்த தேற்றம். எனவே p−1 என்பது 64-ஆல் வகுபட வேண்டும். அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. பின்னாளில் தெரிந்ததைக் கொண்டு முன்னோரை எடைபோடுகிறோம் என்று இதை மறுக்கலாம். அது இங்கே பொருந்தாது. இதே வகைச் சல்லடையால்தான் 2-இன் 37-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை 223 வகுக்கும் என்று அவர் அவ்வாண்டிலேயே கண்டார். வகுத்துப் பார்த்தும் எங்கோ கை தவறியிருக்கலாம். அப்படியானாலும் குறை கருவியில் இல்லை. தொடக்கத்தின் ஐந்து பகா எண்கள் தந்த நம்பிக்கை, மறுபடி சரிபார்க்கும் எண்ணத்தைத் தடுத்தது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

641 வகுக்கும் என்பதைப் பெரிய எண்ணைத் தொடாமலேயே நிறுவலாம் என்பது இதன் தனி அழகு. 641 = 5 × 128 + 1; 641 = 625 + 16. முதலாவதன்படி 5 × 128-க்கு மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு) மீதி 1 தரும். இரண்டாவதன்படி 625-க்குப் பதில் −16 இட்டால், 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1 என்று முடிகிறது.

1796-இல் கணித அறிஞர் காஸ், அளவுகோலும் கவராயமும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என நிறுவியபின், 17 இடம்பெறும் ஃபெர்மா எண்களின் மதிப்பு கூடியது. அறியப்பட்ட ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலன் 4,29,49,67,295. நம் எண்ணுக்கு இரண்டே குறைவு. வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலன் என்பதால் 4,29,49,67,295 பக்க ஒழுங்குப் பலகோணத்தைக் கோட்பாட்டளவில் வரையலாம், 4,29,49,67,297 பக்கங்கள் கொண்டதை வரைய இயலாது. 2-இன் 64-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டிய அடுத்த எண்ணை 1880-இல் கணித அறிஞர் லாண்ட்ரி 2,74,177-ஆல் வகுத்துப் பிரித்தார். ஆறாவதிலிருந்து தொடங்கி, இதுவரை முடிவு கண்ட ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்களே.