இதய அறுவை அறைக்குள் வந்த நீர்க் கிருமி

திறந்த இதய அறுவையின்போது இதயத்தை நிறுத்திவைத்து, அதன் வேலையை இதய-நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைக்கின்றனர். அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ஜான் கிப்பன் என்ற மருத்துவர் 1953 மே 6 அன்று இதனை முதன்முறையாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். இவ்வியந்திரத்திற்குத் துணையாக வெப்பமூட்டி-குளிர்விப்பான் என்னும் பெட்டி ஒன்று உண்டு. அதன் தொட்டி நீர் குழாய்களில் சுற்றிவந்து இரத்தத்தின் வெப்பநிலையைச் சீராக்கும். அந்நீர் இரத்தத்தைத் தொடுவதே இல்லை. எனவே யாருடைய ஐயமும் எளிதில் அதன்மீது விழவில்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய அறுவை செய்துகொண்ட இருவருக்கு ஒரே அரிய கிருமி இருப்பது 2012இல் தெரியவந்தது. அதன் பெயர் மைக்கோபாக்டீரியம் கைமேரா. காசநோய்க் கிருமியின் உறவினம், நீரில் வாழ்வது, 2004இல்தான் தனி இனமாகப் பெயரிடப்பட்டது. ஆய்வு விரிந்தபோது நோயாளிகள் ஆறு பேராயினர். அறுவைக்கும் நோய் வெளிப்பட்டதற்கும் இடையே ஒன்றரை ஆண்டு முதல் மூன்றரை ஆண்டுக்கும் மேலான இடைவெளி இருந்தது. காய்ச்சல், உடல் மெலிவு, களைப்பு என்று வருபவரிடம் பழைய அறுவையை யார் நினைப்பார்? சோதனைக்கூடத்தில் இக்கிருமி வளரவே பல வாரங்கள் ஆகும். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அது சிக்காது. சிலருக்கு வேறு நோய் என்று கருதி, உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்கப்பட்டது.

சூரிச் குழுவினர் அப்பெட்டியின் நீரைச் சோதித்தனர், கிருமி இருந்தது. பெட்டி ஓடும்போது அறைக் காற்றிலும் இருந்தது. காற்றோட்டத்தைக் காணப் புகை விட்டனர். பெட்டியின் விசிறி தள்ளிய காற்று அறுவை மேசைவரை சென்றது. தொட்டி நீரின் நுண்துளிகளில் ஏறிக் கிருமி திறந்த மார்பை அடைந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் லிஸ்டர் காற்றுக் கிருமிக்கு அஞ்சி அறுவை அறையில் கார்பாலிக் அமிலம் தெளித்தார்; காற்றைவிடக் கையும் கருவியுமே முக்கியம் என்று கண்டு பின்னாளில் அதைக் கைவிட்டார். காற்றின் மீதான பழைய ஐயம் இங்கே வேறு வழியில் மெய்யாயிற்று.

ஒரு மருத்துவமனைக்கு இது அரிய நோய். மற்ற நாட்டு மருத்துவமனைகளும் தம் பழைய ஏடுகளைப் புரட்டியபோதுதான் அதன் பரப்பு தெரிந்தது. நான் பணியில் இருந்த காலத்தில், மாதாந்தரத் தலைமையாசிரியர் கூட்டத்தில் ஒருவர் வெள்ளிதோறும் வருகை குறைகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் என்று வேறு நால்வர் வாய்திறந்த பிறகே சந்தை நாள்தான் காரணம் என்று புரிந்தது. தம் பள்ளியின் குறை என்று எண்ணி அதுவரை ஒவ்வொருவரும் மறைத்திருந்தனர். கைமேரா விஷயத்தில் சூரிச் மருத்துவர்கள் மறைக்கவில்லை. 2013இலும் 2015இலும் ஆய்வேடுகளில் வெளியிட்டனர்.

2015இல் ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையமும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரித்தன. பல நாட்டுக் கிருமிகளின் மரபணுத் தொடரை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, பெரும்பாலானவை ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று காட்டியது. ஜெர்மனியில் அப்பெட்டிகள் செய்யப்பட்ட தொழிற்சாலையை நோக்கி அது கைகாட்டியது. உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர்.

சூரிச்சில் அப்பெட்டிகளை அறுவை அறையின் காற்றிலிருந்து முற்றிலும் பிரித்துவைத்தனர். இன்று பல மருத்துவமனைகளில் அவை சுவருக்கு அப்பால் நிற்கின்றன. நீண்ட குழாய்கள் மட்டும் உள்ளே வருகின்றன.