கள்ளுப் போத்தலுக்கு ஒரு லேபல்: மூலமும் உரையும்

பிரான்சின் சாப்ளி வெள்ளை வைன் போத்தலைக் கையில் எடுத்தால் லேபலே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: எந்த ஊர், எந்த ஆண்டு, யார் செய்தது. இலங்கையின் வன்னிப் பனங்கள்ளோ முட்டியிலிருந்து நேரே ஓலைப் பிளாவுக்குப் போகிறது. லேபல் ஒட்ட இடமில்லை. ஒட்டினால் என்ன எழுதலாம் என்று நாலு வரி எழுதிப் பார்த்தேன். எழுதிய கையே உரையும் சொல்கிறது, பொறுத்தருள்க.

மூலம்

பூநகரி மணல், ஆண்பனை.
விடியலில் இறக்கியது.
சேர்த்தது ஒன்றுமில்லை.
பொழுது சாயுமுன் குடிக்க.

உரை

பூநகரி மணல்: பூநகரி கிளிநொச்சி மாவட்டத்தில், யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையில் உள்ளது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பலருக்கு அது பஸ்ஸில் கடந்துபோகும் ஊர். இறங்கி நடந்தால் மணலும் பனங்கூடலும். மண்ணிலிருந்து குடிவகையில் ஏறும் சுவையை வைன்காரர் ‘தெருவார்’ என்பர். சாப்ளியின் சுண்ணாம்பு மண்ணில் ஆதிகாலச் சிப்பி ஓடுகள் கிடக்கின்றன. அதன் சாயல் வைனில் தெரியும் என்பது அவர்கள் பெருமை. தொல்காப்பியரும் நிலத்தை முதற்பொருள் என்றார். ஆனால் நிலத்தைத் தனியே விடவில்லை. பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். கள்ளை விளங்க அந்த இரண்டாவது சொல் வேண்டும்.

ஆண்பனை: பனையில் ஆண் வேறு, பெண் வேறு, இரண்டிலும் சீவலாம். வடலியைப் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. பாளை வந்தால்தான் தெரியும். அதற்கு 15, 20 ஆண்டு செல்லும். போர்க்காலத்தில் வன்னிப் பனைகள் தறிக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் குற்றிகளாயின. 2009 இல் போர் முடிந்தபின் ஊன்றிய விதை இப்போதுதான் பாளை காட்டும் வயதுக்கு வருகிறது. ஆகவே இன்று கள் தரும் மரம் பெரும்பாலும் போரைக் கண்ட மரம். வைன் லேபல் சொல்லும் அறுவடை ஆண்டை இங்கே இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

விடியலில் இறக்கியது: முட்டியை இறக்குவது கடைசி வேலை. அதற்கு முன் பாளையைக் கட்டி, தட்டிப் பதமாக்கி, நாள்தோறும் காலையும் மாலையும் ஏறி நுனியைச் சீவ வேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை கெதியில் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் ஊறுவது நின்றுபோகும். தாள்போல மெல்லிசாகப் போகவேண்டும் கத்தி. இரவெல்லாம் சொட்டியதை விடியலில் இறக்கி, மிதக்கும் தேனீயை ஒதுக்கி, ஓலைப் பிளாவில் வார்த்தால் நுரை விளிம்புக்கு வரும். பச்சோலை மணமும் கள்ளு மணமும் ஒரே மூச்சில் ஏறும்.

சேர்த்தது ஒன்றுமில்லை: இயற்கை வேளாண் வைனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் விதி வகுத்தபோதும், கெடாமலிருக்கச் சிறிதளவு சல்பைட் சேர்க்க இடம் விட்டது. கள்ளுக்கு அதுவும் இல்லை. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கிற நொதியங்களே போதும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிப்பது தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். காய்ச்சினால் அது பனங்கட்டி. பூசாமல் விட்டால் கள்ளு. ஒரே மரம், ஒரே பாளை. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்.

பொழுது சாயுமுன் குடிக்க: மூலத்தின் உயிர் இவ்வரியில் உள்ளது. வைனில் ‘டிரை’ என்பது ஈரமின்மை அல்ல, இனிப்பின்மை. நொதியம் சீனியைத் தின்று முடித்த நிலை. திராட்சை ரசம் அந்நிலைக்கு வர நாட்கள், வாரங்கள் ஆகும். கள்ளு ஒரு பகலுக்குள் அந்த வழியில் ஓடுகிறது. காலையில் இனிப்பும் மெல்லிய சுரீரும். உச்சியில் இனிப்பு ஒதுங்கிப் புளிப்பு முன்னுக்கு வரும். மறுநாள் அது காடி. சாப்ளிக்கு ஆண்டு எப்படியோ, பூநகரிக் கள்ளுக்கு மணி அப்படி. சூடாக்கிப் போத்தலில் அடைத்துத் தூரதேசத்துக்கு அனுப்பலாம், அனுப்புகிறார்கள். அதில் பனை இருக்கும், பொழுது இராது.

உரை எழுதி முடித்தபின் மூலத்தில் ஒரு குறை தெரிகிறது. மண்ணைச் சொன்னேன், மரத்தைச் சொன்னேன், நேரத்தையும் சொன்னேன். உயிரைப் பணயம் வைத்து நாளுக்கு இருமுறை ஏறியவரைச் சொல்லவில்லை. வைன்காரர் தம் பெயரைப் பெரிதாகப் போடுவார். நம்மிடம் கள்ளைப் புகழ்ந்தவர்களே சீவியவரை முற்றத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். கூட்டுறவுச் சங்கத்துக்கு அளந்து கொடுத்தபின்னும் தவறணையில் எல்லார் கள்ளும் ஒன்றாகி, எந்தக் கை சீவியது என்பது மறைந்துவிடுகிறது. ஆகவே வாசகர் ஐந்தாவது வரி ஒன்றைச் சேர்த்துப் படிக்க: சீவியவர் பெயர்.